2026 முடிவில் முதல் பத்தில் யார் யார்? தரவரிசையைப் பார்த்துக் கணிக்க முடியுமா?

கோர்ட்_ஓரம்:

ஆபீஸில் ஒரு போட்டி வைத்திருக்கிறோம். 2026 நவம்பரில், டூரினில் எட்டுப் பேர் ஆடும் ஆண்டு இறுதிப் போட்டி முடிந்ததும் வரும் ஆடவர் ஒற்றையர் டென்னிஸ் தரவரிசையில் முதல் பத்து பேர் யார் என்று இந்த 2025 டிசம்பர் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வரிசை சரியாக இருக்க வேண்டாம், பெயர் இருந்தால் போதும். கடைசியாக வருபவர் மொத்த டீமுக்கும் மதியச் சாப்பாடு வாங்கித் தரவேண்டும்.

பக்கத்து சீட்டுக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை, இப்போதைய பட்டியலை அப்படியே காப்பி அடித்துக் கொடுத்துவிட்டார். அல்காரஸ், சின்னர், ஸ்வெரேவ், ஜோகோவிச், ஓஜே-அலியாசிம், ஃபிரிட்ஸ், டி மினார், முசெட்டி, ஷெல்டன், டிரேப்பர். "ஏடிபியே (ஆடவர் டூரை நடத்தும் அமைப்பு) கணக்குப் போட்டு வைத்திருக்கிறது, அதற்கு மேல் நமக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது" என்கிறார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. டிரேப்பர் விம்பிள்டனுக்கு அப்புறம் கைவலியோடு அமெரிக்க ஓபனில் ஒரே ஒரு ஒற்றையர் ஆட்டம் ஆடியதோடு சரி, ஆனாலும் பத்தாவது இடத்தில் இருக்கிறார். ஜோகோவிச்சுக்கு 38 வயது, வருஷத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறார், ஆனாலும் நான்கு. ஸ்வெரேவ் விம்பிள்டனில் முதல் சுற்றிலேயே மூட்டையைக் கட்டினார், ஆனாலும் மூன்று. இன்னொரு பக்கம் மொனாக்கோவின் வாஷரோ அக்டோபர் ஆரம்பத்தில் 204, இப்போது 30-ஐ ஒட்டி நிற்கிறார். ஃபொன்சேகா 24-தான், ஆனால் பேசுகிறவர்கள் எல்லாம் அவர் ஏற்கெனவே மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்ட மாதிரியே பேசுகிறார்கள். இந்த எண்களை எல்லாம் எப்படித்தான் எடுத்துக்கொள்வது? யாரைத் தூக்கலாம், யாரைச் சேர்க்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு விஷயத்தில் சரி. கண்ணை மூடிக்கொண்டு காப்பி அடித்தாலே பத்தில் ஆறு ஏழு பெயர் தேறிவிடும். மீதி மூன்று நான்கு பெயரில்தான் போட்டியே, அதற்கு நீங்கள் பார்க்க வேண்டியது ரேங்க்கை அல்ல, அந்தப் புள்ளிகள் எந்த ஊரில், எந்த மாதத்தில் வந்தன என்பதை.

அடிப்படை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கடந்த 52 வாரத்தில் கணக்கில் சேரும் போட்டிகளில் வாங்கிய புள்ளிகளின் கூட்டுத்தொகை, அவ்வளவுதான் தரவரிசை. ஒரு போட்டியில் வாங்கிய புள்ளி அடுத்த வருஷம் அதே போட்டி வரும்போது கழன்றுவிடும், திரும்ப ஆடிச் சம்பாதிக்க வேண்டும். கிராண்ட்ஸ்லாம் வென்றால் 2000, இறுதியில் தோற்றால் 1300, அரையிறுதி 800, காலிறுதி 400. அடுத்த நிலையான மாஸ்டர்ஸ் என்றால் 1000, 650, 400, 200 என்று இறங்கும்.

இப்போது டிரேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் 2,990 புள்ளி. அதில் இந்தியன் வெல்ஸ் பட்டம் 1000, மாட்ரிட் இறுதி 650, தோஹா இறுதி 330. இந்த மூன்றிலேயே 1,980 வந்துவிட்டது, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. மூன்றுமே பிப்ரவரிக்கும் மே தொடக்கத்துக்கும் நடுவில் கழன்றுவிடும். கை முழுசாகத் தேறி, வந்த வேகத்திலேயே பழைய ஆட்டம் ஆடினால்தான் மே மாதம் அவர் முதல் முப்பதில் இருப்பார். திறமை இல்லை என்று சொல்லவில்லை, ஜூனில் நான்காம் இடம் வரை வந்தவர். ஆனால் ஆண்டு முடிவில் பத்துக்குள் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை. உங்கள் பட்டியலில் முதலில் அடிக்க வேண்டிய பெயர் அவருடையதுதான்.

ஜோகோவிச் கதை நேர்மாறானது. 4,830-ல் 3,200 நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலிருந்து மட்டும், நான்கிலும் அரையிறுதி. மீதியில் மயாமி இறுதி 650, ஷாங்காய் அரையிறுதி 400, ஜெனீவாவிலும் ஏதென்ஸிலும் பட்டம், தலைக்கு 250. இந்தியன் வெல்ஸ், மான்டி கார்லோ, மாட்ரிட் மூன்றிலும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறி 10, 10, 10. ஆக அவருடைய ரேங்க்கில் பெரும்பகுதி வருஷத்தில் எட்டு வாரத்தில் தொங்குகிறது. ஒரே ஒரு ஸ்லாமில் இரண்டாம் சுற்றில் தசைப்பிடிப்பு வந்தால் 750 புள்ளி காலி. அதே சமயம் மற்ற வாரங்களில் அவர் இழப்பதற்கு அவ்வளவு இல்லை. என் கணக்கில் அவர் பத்துக்குள் இருப்பார், ஆனால் நான்காவதாக இருக்க மாட்டார்.

அப்புறம் ஒன்று கவனியுங்கள். சின்னரின் 11,500-க்கு அடுத்து ஸ்வெரேவ் சுமார் 5,100. நடுவில் ஆறாயிரத்துக்கு மேல் இடைவெளி. ஆனால் ஐந்தாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் நடுவில் 300 புள்ளிகூடக் கிடையாது. ஓஜே-அலியாசிம் ஐந்து, ஷெல்டன் ஒன்பது என்பதை வைத்து ஒருவர் மற்றவரைவிட உசத்தி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு மாஸ்டர்ஸ் காலிறுதியும் அடுத்து ஒரு சின்னப் போட்டியில் ஓர் அரையிறுதியும் சேர்ந்தால் வரிசை தலைகீழாகிவிடும்.

---

விடியவிடிய_டென்னிஸ்:

கணக்குப்பிள்ளை சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் ஆட்டத்தைத் தவறவிட்டுவிடுவோம் என்பது என் கட்சி. பிரெஞ்சு ஓபன் இறுதியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நான்காவது செட், சின்னர் 5-3, அல்காரஸ் சர்வ், 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட். மூன்றும் போய், செட் போய், ஐந்தாவது செட்டில் 10 புள்ளி டை-பிரேக் வரை இழுத்து, மொத்தம் 5 மணி 29 நிமிஷம், அங்கே நடந்த இறுதிப்போட்டிகளிலேயே நீளமானது. எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சமையலே கெட்டது.

அதைக் கொஞ்சம் கணக்காகவும் பாருங்கள். அந்த மூன்றில் ஒன்றை சின்னர் எடுத்திருந்தால் அவருக்கு 700 கூடும், அல்காரஸுக்கு 700 குறையும். மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் ஆண்டு முடிவில் சின்னர் 12,200, அல்காரஸ் 11,350. இப்போது இருப்பது அல்காரஸ் 12,050, சின்னர் 11,500. ஆண்டு இறுதி முதலிடமே ஒரு பந்தில் மாறியிருக்கும்! ஆனால் அந்த ஒரு பந்தால் இருவரில் யார் நல்ல ஆட்டக்காரர் என்பது மாறிவிடுமா என்ன? ஃபெடரர் 2024-ல் டார்ட்மவுத் கல்லூரியில் பேசும்போது சொன்னாரே, 1,526 ஒற்றையர் ஆட்டத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயித்திருக்கிறேன், ஆனால் ஆடிய பாயிண்டுகளில் ஜெயித்தது 54 சதவீதம்தான் என்று. ஃபெடரருக்கே 54 என்றால் 15-ஆம் ரேங்க்கில் இருப்பவருக்கும் 40-ஆம் ரேங்க்கில் இருப்பவருக்கும் நடுவில் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு கேமுக்கு ஒரு பந்துகூட இராது.

அதனால் நான் பார்ப்பது வேறு. இரண்டாவது சர்வ் அழுத்தத்தில் என்ன ஆகிறது, பிரேக் பாயிண்டில் ஆள் முன்னே நகர்கிறாரா பின்னே நகர்கிறாரா, தோற்ற இறுதிகள் எப்படித் தோற்றன. டாவிடோவிச் ஃபோகினா 14-ஆம் ரேங்க், ரேங்க்கை மட்டும் பார்த்தால் அடுத்த படி பத்து. ஆனால் 2025-ல் மட்டும் நான்கு இறுதிகள் ஆடி நான்கிலும் தோற்றார், டெல்ரே பீச்சிலும் வாஷிங்டனிலும் வெற்றிப் புள்ளி கையில் இருந்தது. இன்று வரை டூரில் ஒரு பட்டம்கூட இல்லை. வாஷிங்டனில் டி மினாரிடம் தோற்றுவிட்டு நாற்காலியில் துண்டுக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் அவரைப் பத்தில் சேர்ப்பதற்கு முன் யோசிப்பார்கள்.

ஸ்வெரேவும் அதே கேஸ்தான், ஒரு தளம் மேலே. 2020 அமெரிக்க ஓபனில் தீமுக்கு எதிராக இரண்டு செட் முன்னிலை, ஐந்தாவது செட்டில் பட்டத்துக்கு சர்வ் செய்தார், தோற்றார். 2024 பாரிஸில் (பிரெஞ்சு ஓபன்) அல்காரஸிடம் 2-1 செட் முன்னிலை, தோற்றார். 2025 மெல்பர்னில் (ஆஸ்திரேலிய ஓபன்) சின்னரிடம் நேர் செட்டில். மூன்றாம் ரேங்க் என்றால் என்ன, மேலே இருக்கும் இருவரையும் ஸ்லாம் இறுதியில் அடிக்க முடியாத ஆள் என்றுதானே?

---

கணக்குப்பிள்ளை:

@விடியவிடிய_டென்னிஸ் கேள்வி ஸ்லாம் வெல்வாரா என்பது இல்லையே அம்மா, பத்துக்குள் இருப்பாரா என்பதுதானே. 2017 முதல் ஒன்பது ஆண்டு முடிவுகளில் ஸ்வெரேவ் பத்துக்கு வெளியே இருந்தது ஒரே தடவை, 2022. அதுவும் பாரிஸ் அரையிறுதியில் நடாலுக்கு எதிராகக் கணுக்கால் திருகி சக்கர நாற்காலியில் போன வருஷம். காலிறுதி, அரையிறுதி என்று வாராவாரம் சேர்த்துக்கொண்டே இருக்கிற ஆள். நீங்கள் சொல்லும் நெஞ்சுறுதிக் குறை அவரை இரண்டாம் இடத்துக்கு வரவிடாமல் தடுக்கலாம், பதினொன்றுக்குத் தள்ளாது. ஜனவரியில் 1300 கழலும், அதனால் மூன்றாம் இடம் போகலாம். எழுதிக்கொடுக்க வேண்டிய பெயர்தான்.

முதலிடம் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். ஜனவரியில் சின்னர் மெல்பர்னில் 2000 காப்பாற்ற வேண்டும், அல்காரஸுக்கு அங்கே 400-தான். அப்புறம் தராசு மறுபக்கம் சாயும். சின்னர் பிப்ரவரியிலிருந்து மே தொடக்கம் வரை க்ளோஸ்டெபால் ஊக்கமருந்து விவகாரத்தில் மூன்று மாதத் தடையில் இருந்தார், அதனால் இந்தியன் வெல்ஸ், மயாமி, மான்டி கார்லோ, மாட்ரிட் எதிலும் அவருக்கு இழக்க ஒரு புள்ளியும் கிடையாது. அதே காலத்தில் அல்காரஸ் ராட்டர்டாம் 500, இந்தியன் வெல்ஸ் 400, மான்டி கார்லோ 1000, பார்சிலோனா 330 சேர்த்திருக்கிறார். அதற்கப்புறம் ரோம் 1000, பாரிஸ் 2000 வேறு. பயிற்சியாளர் ஃபெரேரோவையும் பிரிந்துவிட்டார். ஜூன் மாதம் யார் முதலிடத்தில் இருந்தாலும், "இவர் எழுந்துவிட்டார், அவர் விழுந்துவிட்டார்" என்று பத்திரிகைகள் எழுதுவதில் பாதி இந்தக் கழிவுக் கணக்காகத்தான் இருக்கும்.

---

நுங்கம்பாக்கம்_கேலரி:

எல்லாரும் முதல் பத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ரேங்க்கின் உண்மையான சூடு தெரிய வேண்டுமானால் 100-ஐச் சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள். கிராண்ட்ஸ்லாமில் 128 பேர் ஆடுகிறார்கள், அதில் 104 பேருக்கு நேரடி இடம், 16 பேர் தகுதிச் சுற்றிலிருந்து, 8 பேருக்கு வைல்டு கார்டு (சிறப்பு அனுமதி). 2025 அமெரிக்க ஓபனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 1,10,000 டாலர். அதாவது 95-ஆம் ரேங்க்கில் இருப்பவர் வருஷத்துக்கு நான்கு முறை தோற்றே பயிற்சியாளர் சம்பளம், பிசியோ, விமானச் செலவு எல்லாம் தேற்றிவிடலாம். 125-ல் இருப்பவர் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் அந்தப் பணத்தைக் கண்ணில் பார்க்க முடியும். 95-ல் இருப்பவருக்கும் 125-ல் இருப்பவருக்கும் ஆட்டத்தில் வித்தியாசம் நூல் அளவு. நம்ம ராம்குமார் 111 வரை வந்து அதோடு நின்றுபோனார், பிரஜ்னேஷ் 75 வரை போனார். இருவரையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இருவரின் வருமானத்தையும் பிரித்தது அந்தக் கோடுதான்.

சுமித் நாகல் கதையை வைத்து இந்த 52 வாரக் கணக்கு எப்படிக் கடிக்கும் என்று பாருங்கள். 2023-ல் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னவர். 2024 ஜனவரியில் 137-ஆம் ரேங்க்கோடு மெல்பர்ன் தகுதிச் சுற்றைத் தாண்டி உள்ளே போய், முதல் சுற்றில் புப்லிக்கை நேர் செட்டில் சாய்த்தார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஓர் இந்தியர் தரநிலை (சீடிங்) பெற்ற ஆட்டக்காரரை வீழ்த்துவது 1989-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை, அப்போது ரமேஷ் கிருஷ்ணன் அதே மெல்பர்னில் விலாண்டரைச் சாய்த்தார், அந்த நேரத்தில் விலாண்டர் உலகின் முதல் ரேங்க்.

அடுத்த மாதம் சென்னை சேலஞ்சர், முதன்மை டூருக்கு ஒரு படி கீழான போட்டி. இறுதியில் இத்தாலியின் நார்டியை 6-1, 6-4 என்று நாகல் முடித்ததை இங்கே கேலரியில் இருந்து பார்த்தேன். வெயில் தாழ்ந்த நேரம், கூட்டம் ஒவ்வொரு பிரேக்குக்கும் எழுந்து நின்றது. நாகலின் ஆயுதம் சர்வ் இல்லை, கால்தான். பேக்ஹேண்ட் மூலையில் இருந்து ஓடிச் சுற்றிவந்து ஃபோர்ஹேண்டால் அடிப்பார், நார்டி மூன்றாவது நான்காவது பந்தில் பொறுமை இழந்து வெளியே அடித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பட்டத்தோடு 98. ஜூலையில் 68. அந்த வருஷம் நான்கு ஸ்லாமிலும் மெயின் டிரா ஆடினார்.

2025-ல் அதே புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கழல ஆரம்பித்தன, பதிலுக்குச் சேரவில்லை, 200-க்கு வெளியே போய்விட்டார். 100-ஐத் தாண்டி வெளியே போனதும் பெரிய போட்டிகளில் நுழைய முடியாது, பெரிய புள்ளி கிடைக்காது, திரும்ப சேலஞ்சரில் ஆரம்பிக்க வேண்டும். ஏறும்போது தூக்கிவிட்ட அதே கணக்கு இறங்கும்போது காலை வாரும். வாஷரோவை வைத்துக் கனவு காண்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

ரேக்கட்_ராஜா06:

ஃபொன்சேகா டாப் 5. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஃபோர்ஹேண்ட் டூரில் வேறு யாரிடமும் இல்லை.

---

விடியவிடிய_டென்னிஸ்:

@ரேக்கட்_ராஜா06 தம்பி, ஃபோர்ஹேண்டுக்கு ரேங்க் கொடுப்பதாக இருந்தால் நானும் ஒத்துக்கொள்வேன். மெல்பர்னில் ரூப்லேவை முதல் சுற்றில் நேர் செட்டில் அடித்தபோது வந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் 2025-ல் ஸ்லாம்களில் மூன்றாம் சுற்றைத் தாண்டவில்லை. வருஷத்தை 145-ல் ஆரம்பித்து 24-ல் முடிப்பது 19 வயதுக்குப் பெரிய விஷயம், மறுக்கவில்லை. பியூனஸ் அயர்ஸில் களிமண்ணில் ஒரு பட்டம், பாசலில் உள்ளரங்கில் ஒரு 500 புள்ளிப் பட்டம், ஆக இரண்டு தரையிலும் ஜெயிக்கத் தெரிகிறது, அதுதான் எனக்கு அந்த ஃபோர்ஹேண்டைவிட நம்பிக்கை தருவது. இருந்தாலும் டாப் 5-க்கு 4,000-க்கு மேல் வேண்டும், அவரிடம் அதில் பாதிகூட இல்லை.

---

கணக்குப்பிள்ளை:

ஃபொன்சேகாவுக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம். இப்போது அவர் முதல் 32-க்குள் இருக்கிறார், அதனால் ஸ்லாம்களில் தரநிலை கிடைக்கும், மூன்றாம் சுற்று வரை வேறு தரநிலைக்காரர் எதிரில் வரமாட்டார். 2025 மெல்பர்னில் முதல் சுற்றிலேயே ரூப்லேவ் வந்து நின்ற மாதிரி இனி நிற்காது. 33-க்கும் 32-க்கும் ஒரு எண்தான் வித்தியாசம், டிராவில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் பதினைந்துக்குள் வருவார் என்று நானும் சொல்வேன். பத்து கொஞ்சம் அவசரம்.

வாஷரோ பற்றி. ஷாங்காயில் தகுதிச் சுற்றுப் பட்டியலிலேயே மாற்று ஆளாகத்தான் இருந்தார், சிலர் விலகியதால் உள்ளே வந்தார், அரையிறுதியில் ஜோகோவிச்சை 6-3, 6-4, இறுதியில் சொந்த உறவுக்காரர் ரிண்டர்நெக்கை ஒரு செட் பின்தங்கி ஜெயித்தார். மாஸ்டர்ஸ் 1000 பட்டம் வென்றவர்களிலேயே குறைந்த ரேங்க். கதையாக அருமை. ஆனால் அவருடைய புள்ளிகளில் பெரும்பகுதி அந்த ஒரே ஊரில், அக்டோபரில் கழன்றுவிடும். அதற்குள் எட்டு ஒன்பது மாதம் பெரிய போட்டிகளில் நேரடியாக நுழையலாம், அதுதான் அவருக்குக் கிடைத்த சொத்து. அடுத்து பாரிஸ் மாஸ்டர்ஸிலும் காலிறுதி வரை போனதால் ஒரு வாரக் கூத்து என்று ஒதுக்கவும் முடியாது. முதல் பத்து, வாய்ப்பில்லை. நூறுக்குள் தங்குவாரா என்று கேட்டால் தங்குவார்.

மென்சிக்கும் இதே ரகம், கொஞ்சம் நல்ல ரகம். மயாமியில் முதல் ஆட்டத்துக்கு முன் முழங்கால் வலியால் விலகல் படிவத்தை எடுத்துக்கொண்டு போனாராம், நடுவர் சாப்பிடப் போயிருந்தாராம், அந்த இடைவெளியில் பிசியோ சரிசெய்துவிட, ஆடி, கடைசியில் ஜோகோவிச்சை இரண்டு டை-பிரேக்கில் அடித்து 1000 வாங்கிவிட்டார். அவரே சொன்னது. மார்ச்சில் அது கழலும்போது ரேங்க் சரிந்தால் பதறாதீர்கள், அந்த சர்வ் இருக்கும்வரை திரும்பி வருவார். 2026-க்கா, 2027-க்கா என்பதுதான் கேள்வி.

---

கோர்ட்_ஓரம்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன முறையில் நானும் முசெட்டியைப் போட்டுப் பார்த்தேன். மான்டி கார்லோ 650, மாட்ரிட் 400, ரோம் 400, பாரிஸ் 800, ஆக 2,250 புள்ளி ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில் களிமண்ணில் மட்டும். மொத்தத்தில் பாதிக்கு மேல். விம்பிள்டனில் முதல் சுற்றுத் தோல்வி. அப்போது இவரைத் தூக்கிவிட வேண்டுமா? இப்போதைக்கு என் பட்டியல்: அல்காரஸ், சின்னர், ஸ்வெரேவ், ஜோகோவிச், ஃபிரிட்ஸ், டி மினார், ஷெல்டன், ஓஜே-அலியாசிம். இரண்டு இடம் காலி. முசெட்டி, ஃபொன்சேகா, மெத்வதேவ், ரூன், மென்சிக் இவர்களில் இருவர்.

---

விடியவிடிய_டென்னிஸ்:

ரூனை இப்போதே அடித்துவிடுங்கள், அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் குதிகால் தசைநாண் அறுந்தது. ஆறு மாதத்துக்கு மேல் ஆடாதவர்களுக்குப் பாதுகாக்கப்பட்ட ரேங்க் உண்டுதான், ஆனால் அது போட்டிக்குள் நுழைய மட்டும் உதவும், தரநிலை கிடைக்காது, தரவரிசையிலும் ஒரு புள்ளி ஏறாது. பாவம், 22 வயது.

மெத்வதேவ் பாரிஸ், விம்பிள்டன், நியூயார்க் (அமெரிக்க ஓபன்) மூன்றிலும் முதல் சுற்றில் வெளியே போனார். அல்மாட்டியில் பட்டம் வென்றது 2023 ரோமுக்கு அப்புறம் முதல் பட்டம். வேறு மாதிரி சொன்னால், ஸ்லாம்களில் இழக்க அதிகம் இல்லாத பழைய முதலிடக்காரர். உங்கள் எண் முறைப்படியே பார்த்தாலும் இவர் கவர்ச்சியான தேர்வுதான், ஆனால் அவருடைய சர்வ் இரண்டு வருஷமாக என்னை நம்பவிடவில்லை.

முசெட்டியை விடாதீர்கள். நேப்பிள்ஸ் 2022-க்குப் பிறகு பட்டம் இல்லை என்று எல்லாரும் குறை சொல்கிறார்கள். அமெரிக்க ஓபனில் காலிறுதி ஆடினார், ஏதென்ஸில் ஜோகோவிச்சோடு மூன்றாவது செட் 7-5 வரை நின்றார், இரண்டும் ஹார்ட் கோர்ட். களிமண்ணில் குறைவதை ஹார்ட் கோர்ட்டில் ஈடுகட்டும் ஆள் அவர்.

---

நுங்கம்பாக்கம்_கேலரி:

அந்த ஏதென்ஸ் ஆட்டத்தில் முசெட்டி தோற்றதால்தான் ஓஜே-அலியாசிமுக்கு டூரினில் எட்டாவது இடம் கிடைத்தது, அடுத்த நிமிஷமே ஜோகோவிச் தோள்வலி என்று விலகியதால் முசெட்டியும் உள்ளே வந்தார். ஓஜே-அலியாசிம் அங்கே இரண்டு ஆட்டம் ஜெயித்து 400 சேர்த்து ஐந்தாவதாக முடித்தார். நியூயார்க் 800, பிரஸ்ஸல்ஸ் 250, பாரிஸ் மாஸ்டர்ஸ் 650, டூரின் 400, ஆக 2,100 புள்ளி கடைசி மூன்று மாதத்தில். ஆகஸ்ட் வரை அவருக்குக் கழல்வது குறைவு, அதனால் வருஷம் முழுக்க உயரத்தில் தெரிவார், செப்டம்பரில்தான் பரீட்சை. உங்கள் போட்டிக்குக் கணக்கு நவம்பரில் என்பதால் இவரைத்தான் நான் சந்தேகப்படுவேன், முசெட்டியை அல்ல.

ஷெல்டன் நேர்மாறு. நியூயார்க்கில் மூன்றாம் சுற்றில் தோள்வலியால் பாதியில் நின்றார், டூரினில் மூன்றிலும் தோல்வி. கடைசி மூன்று மாதத்தில் அவருக்குப் பெரும்பாலும் வரவுதான். தைரியமாக எழுதுங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

வழிமொழிகிறேன். ஒன்பதாவது முசெட்டி, பத்தாவதுக்கு ஃபொன்சேகாவா மென்சிக்கா என்று உங்களுக்குத் தோன்றுவதைப் போடுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் பட்டியலில் இல்லாத பெயர் ஒன்றாவது இருந்தால்தான் அவரைத் தாண்ட முடியும், இல்லாவிட்டால் இருவரும் சேர்ந்து சாப்பாடு வாங்கவேண்டி வரும். ஆமாம், சமநிலை வந்தால் என்ன செய்வது என்று உங்கள் ஆபீஸில் முடிவு செய்துவிட்டீர்களா? அதை இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

---

ரேக்கட்_ராஜா06:

ஃபொன்சேகா. டாப் 5. நவம்பரில் வந்து பேசிக்கொள்ளலாம்.